வலது பக்கத்துக்காரி

மார்ச் 6

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். மெசேஜ் போட்டால் பார்த்ததற்கு அடையாளம் மட்டும் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் கடிதம். பிரித்துவிட்டால் பாதியில் மூடி வைக்க உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். பிடிக்காத புத்தகத்தைக்கூட "கடைசியில என்னதான் ஆகுதுன்னு பாத்துடறேன்" என்று முடித்துவிட்டுத் திட்டுகிற ஆள் நீங்கள்.

எழுத வேண்டாம் என்றார் உங்கள் கொழுந்தன். "அண்ணி மனசுல ஏதோ இருக்கு, நீ போய்க் கிளறாத" என்றார். ஓரகத்திகள் இரண்டு பேரும் பேசாமல் இருந்தால் குடும்பம் நிம்மதியாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அண்ணனும் தம்பியும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் டயர் விலை பேசுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டு மொழியை மாலை வகுப்பில் நமக்குச் சொல்லித்தந்த கண்ணாடி டீச்சர் ஜூன் மாதத்தோடு வேலையை விடுகிறார். அவருக்குப் பதில் ஆள் கிடைத்தால் வகுப்பு இப்படியே நடக்குமாம். கிடைக்காவிட்டால் அதைத் தேர்வுப் பயிற்சியாக மாற்றிவிடுவார்களாம். கேள்வியும் பதிலும் அச்சடித்த ஒரு கெட்டிப் புத்தகம் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. மனப்பாடம் பண்ணு, எழுது, போ. மே கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

நீங்கள் போன பிறகு நானும் வகுப்புக்குப் போவதை விட்டுவிட்டேன், நேற்றுதான் மறுபடி போயிருந்தேன். பஸ் டிப்போவின் மேல்மாடி, அதே அறை. கீழே வண்டி கிளம்பும்போது அலமாரியில் புத்தகங்கள் இன்னும் அதே மாதிரி ஆடுகின்றன. டீச்சர் என்னைப் பார்த்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை. "உங்க அக்கா எங்க? எனக்கு அவங்க வேணும். மூணு வருஷம் முன்னாடி பாடம் நடத்தத் துணைக்குக் கூப்பிட்டேன், வேணாம்னுட்டாங்க. இப்ப வகுப்பையே கொடுக்கறேன்னு எழுது" என்றார்.

அன்று ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊர் மாறப்போவது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதேபோல் என்மேல் என்ன கோபம் என்றும் தெரியாது. வண்டியில் சாமான் ஏற்றிய அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனீர்கள், என்னைத் தவிர. உங்கள் குக்கர் வெயிட்டைத் தொலைத்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மூன்று வருடக் கோபம் ரொம்ப அதிகம்.

நாம் முதல்நாள் போனது ஞாபகம் இருக்கிறதா? டாக்டரிடம் குழந்தையின் காய்ச்சலைக் கைஜாடையில் சொல்ல வேண்டிவந்த ஆத்திரத்தில் உங்களை இழுத்துக்கொண்டு போனேன். இலக்கணம் நடத்துவார்கள் என்று நோட்டும் ஸ்கேலுமாகப் போனோம். அவர் அலமாரியைக் காட்டி, "எது வேணுமோ எடுத்துட்டுப் போங்க. பிடிக்கலைன்னா பாதியில வச்சுட்டு வேற எடுங்க. அகராதிய மட்டும் தொடாதீங்க" என்றார். படி இறங்கும்போது நீங்கள், "இந்தம்மாவுக்கு நடத்தத் தெரியாது போல, நம்ம தலையிலயே கட்டிட்டாங்க" என்றீர்கள்.

எனக்குக் கிடைத்தது பச்சைப் புள்ளி போட்ட புத்தகம், இருப்பதிலேயே எளிது, பக்கத்துக்கு நாலே வரி. பக்கத்து வீட்டு ஆட்டைத் திருப்பித் தராத கிழவர் கதை. "கதை நன்றாக இருந்தது. ஆடு நல்ல ஆடு" என்று எழுதினேன். டீச்சர் என் எழுத்துப் பிழைகள் ஒன்றையும் தொடவில்லை. "நல்ல ஆடு" என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கெட் கட்டிக்கொண்டே வாரம் முழுக்க யோசித்தேன். ஆடு நல்ல ஆடு என்று எனக்கு யார் சொன்னது? கிழவர் சொன்னார். கிழவரோ திருடன். திருடன் பேச்சை நான் ஏன் நம்பினேன்? அன்றிலிருந்து உங்கள் கொழுந்தன் எது சொன்னாலும் "யார் சொன்னது" என்று கேட்க ஆரம்பித்தேன். அவர் இன்றைக்கும் அந்த ஆட்டைத் திட்டுகிறார்.

புதிதாக வருகிறவர்களுக்கு டீச்சர் நம் கதையைத்தான் சொல்கிறாராம். ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருத்தி தனக்குத் தோன்றியதை நோட்டின் இடது பக்கம் எழுதுவாள், மற்றவள் மனசுக்குள் ஒத்துக்கொண்டாலும் வலது பக்கத்தில் "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று தொடங்கி மறுத்துத்தான் எழுதுவாள், அதுவும் இருப்பதிலேயே பலமான காரணமாகத் தேடிப்பிடித்து எழுதுவாள் என்று. கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாருங்கள் அக்கா, நானும் மறுபடி வகுப்பில் வந்து உட்காருகிறேன். நீங்கள் இல்லாவிட்டால் அந்தப் புத்தகங்கள் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும்.

உங்கள் ஓரகத்தி


மார்ச் 19

உன் கடிதம் வந்தது. பிரித்தேன், முடித்தேன். என்னைப் பற்றி நீ சொன்னது சரிதான்.

குக்கர் வெயிட்டுக்காக யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. உன் அத்தான் வேலை பார்க்கும் கிடங்கு இந்த ஊருக்கு மாறியது, நாங்களும் வந்தோம். ஆனால் வந்ததில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. உன் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாமே என்றுதான் இருந்தது.

கோபம் ஏன் என்று தெரியாது என்கிறாய். சொல்கிறேன்.

துணைக்கு வா என்று டீச்சர் கேட்ட வாரம், அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு தேய்க்கிறவள் நான். டீச்சராகப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? உன் அத்தானிடமும் சொல்லவில்லை. நம் நோட்டின் இடது பக்கத்தில் எழுதினேன். ஒரு பக்கம் எழுத ஒரு வாரம் பிடித்தது. உன்னிடம் கொடுத்தேன். நீ அடுத்த நாளே வலது பக்கத்தை நிரப்பி, பஸ் வந்துவிட்டது என்று என் கையில் திணித்துவிட்டு ஓடினாய்.

மதிய இடைவேளையில் உருளை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். எழுதியது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. சலவைக்கூட வேலை நிரந்தரம், வகுப்பு வேலை வருடாவருடம் கையெழுத்துக்குக் காத்திருக்கும் வேலை என்று முதல் காரணம். அத்தானுக்கு ஷிப்ட் மாறும், மாலையில் வீட்டைப் பார்க்க ஆள் இருக்காது என்று இரண்டாவது. மகளுக்கு முக்கியமான பரீட்சை வருகிறது என்று மூன்றாவது. நாலாவதுதான் என்னைக் கொன்றது. "நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இன்று எதிரே போய் நின்றால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களால் அவளை டீச்சர் என்று கூப்பிட முடியாது."

நோட்டை மூடிவிட்டேன். மாலையில் நேராக டீச்சரிடம் போய் முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வகுப்புக்கு வர மனசில்லை.

வெளியாள் சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். என் வீட்டு அடுப்படி வரைக்கும் தெரிந்தவள் நீ. கூடவே இருந்தவள் சொன்னால் அது சரியாகத்தானே இருக்கும்?

இப்போது வா என்கிறாய். அன்றைக்கு வேண்டாம் என்றவளும் நீதான். எந்த வாயை நான் நம்பட்டும்?

பெரியவள்


மார்ச் 24

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் அழுகை வந்தது. அது முடிந்ததும் கோபம் வந்தது. இப்போது கோபத்தில்தான் எழுதுகிறேன், தெரிந்தே எழுதுகிறேன்.

அது வீட்டுப்பாடம் அக்கா.

வகுப்பின் விதியே அதுதானே. நான் மறுக்காமல் "நல்லது, போங்கள்" என்று எழுதியிருந்தால் டீச்சர் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அந்த ரயில் ஓட்டும் பெண்ணின் கதையைப் படித்துவிட்டு, அப்பாவின் கடையை விட்டு அவள் கிளம்பியது சரிதான் என்று நான் எழுதினேன். எதிர்ப் பக்கத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள்? "இப்படிப்பட்ட பெண்ணின் காலை ஒடித்து வீட்டில் உட்கார வைக்க வேண்டும்." அதைப் படித்துவிட்டு, நாளைக்கு என் மகள் காலை நீங்கள் ஒடிப்பீர்கள் என்று நான் பயந்தேனா? சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. அவளைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் சண்டை போட்டதே நீங்கள்தான்.

இன்னொன்று. வலது பக்கத்தோடு கதை முடிந்துவிடாது. அதற்குக் கீழே முதலில் எழுதியவர் பதில் எழுத வேண்டும். "மறுப்பு தீர்ப்பு இல்லை, மறுப்புக்கு பதில் சொல்லிப் பாத்தாத்தான் உங்க எண்ணம் எவ்வளவு தாங்கும்னு உங்களுக்கே தெரியும்" என்று டீச்சர் எத்தனை தடவை சொன்னார்? நீங்கள் பதில் எழுதவில்லை. நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டீர்கள். நான் அடுத்த வாரம் வந்து உட்கார்ந்திருந்தேன், அதற்கடுத்த வாரமும். என் நாலு காரணத்தையும் நீங்கள் எப்படிப் பிய்த்துப் போடப்போகிறீர்கள் என்று பார்க்க ஆசையாகக் காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் வண்டியில் சாமான் ஏறியது.

கிழவர் சொன்னதை நம்பிய என்னை எவ்வளவு கேலி செய்தீர்கள். நான் சொன்னதை மட்டும் எப்படி அப்படியே விழுங்கினீர்கள்?

மொழியையும் நினைத்துப் பாருங்கள். தமிழில் எழுதியிருந்தால், "பாருங்கக்கா, எதுக்கும் ஒரு தடவ யோசிச்சுக்குங்க" என்று மெத்தை போட்டுத்தான் எழுதியிருப்பேன். அந்த மொழியில் எனக்கு மெத்தை தெரியாது, வெறும் தரைதான் தெரியும். முடியும், முடியாது, வேண்டும், வேண்டாம். அவ்வளவு வார்த்தைகளை வைத்துக்கொண்டு யார் எழுதினாலும் கல்லெறிந்த மாதிரிதான் விழும்.

கோபத்தில் இதற்குமேல் எழுதினால் தப்பாகப் போகும். நிறுத்துகிறேன்.

உங்கள் ஓரகத்தி


ஏப்ரல் 9

(அஞ்சலட்டை)

அக்கா, பதில் இல்லை. டீச்சர் மறுபடி கேட்டார். "எழுதியிருக்கேன்" என்றேன். "சண்டை போட்டு எழுதினியா, கெஞ்சி எழுதினியா" என்றார். சண்டை போட்டு என்றேன். "நல்லது, பதில் வரும்" என்றார். அலமாரியின் மேல் இரண்டு தட்டையும் காலி செய்துவிட்டார்கள். சிவப்புப் புள்ளிப் புத்தகங்கள் எல்லாம் பெட்டிக்குள். பச்சையும் மஞ்சளும் மட்டும் மிச்சம்.


ஏப்ரல் 14

நீ கோபமாக எழுதியது நல்லதாகப் போயிற்று. கெஞ்சியிருந்தால் நான் பதில் போட்டிருக்க மாட்டேன். அந்தம்மாவுக்கு என்னைத் தெரியும்.

காலை ஒடிப்பது பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். உன் அத்தான் எட்டிப் பார்த்தார். "யார்கிட்டேர்ந்து?" என்றார். "உங்க தம்பி பொண்டாட்டி" என்றேன். போய் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் டீ போட்டு நான் குடித்தது இதுதான் முதல் தடவை. சர்க்கரையைத்தான் மறந்துவிட்டார்.

இங்கே காலையில் ஒரு பள்ளிச் சமையற்கூடத்தில் தட்டு கழுவுகிறேன். மத்தியானத்துக்குமேல் சும்மா இருக்கிறேன். தெருமுனையில் சின்ன நூலகம் ஒன்று உண்டு, ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. போய்ப் படிக்கிறேன். புள்ளி எல்லாம் கிடையாது, பெரிய புத்தகங்களே இப்போது ஓடுகின்றன. வீட்டுக்கு வந்து இடது பக்கம் எழுதுகிறேன். வலது பக்கம் காலியாகக் கிடக்கிறது. நானே மறுத்து எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கத்துச் சீட்டையும் ஒரே ஆள் ஆடுவது போலிருந்தது. தோற்கவும் மனசில்லை, ஜெயித்தாலும் சந்தோஷமில்லை. உன் கோணல் எழுத்து இல்லாமல் அந்தப் பக்கம் நன்றாகவே இல்லை.

மாலை ஆனால் அந்த அறை நினைவுக்கு வருகிறது. டீசல் வாசனை, நம் ஈரக் குடைகள், கதவுக்குப் பின்னால் உன் ரொட்டித் தொழிற்சாலைக் கோட்டு, அதிலிருந்து வருகிற வெந்த மாவு வாசனை. ஒரு வாரம் முழுக்க, கதையில் வந்த விதவை பியானோவை விற்றது சரியா தப்பா என்று நீயும் நானும் பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டு வந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "அந்தப் பியானோவ நானே வாங்கிக்கறேன், கொஞ்சம் சும்மா வாங்க" என்றது. என் வாழ்நாளில் நான் நினைத்ததை ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டு, அது ஏன் தப்பு என்று சொல்லி, மறுபடி என்னைப் பேசவிட்டது அந்த அறையில்தான். பிறந்த வீட்டிலும் கிடையாது, புகுந்த வீட்டிலும் கிடையாது.

எனக்கு அந்த வேலை வேண்டும். அன்றும் ஆசைப்பட்டேன், இன்றும் ஆசைப்படுகிறேன். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஆனால் நீ சொல்கிற சமாதானம் எனக்கு முழுதாக ஒட்டவில்லை. முதல் மூன்று காரணமும் வீட்டுப்பாடம் என்றால் நம்புகிறேன். அதை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். நாலாவதைப் படித்துப் பார். வெறும் வீட்டுப்பாடத்துக்கு யாரும் அப்படி எழுத மாட்டார்கள். அந்த வரியில் உயிர் இருந்தது. நீ மனசில் வைத்துக்கொண்டுதான் எழுதினாய். என்னை நீ டீச்சர் என்று கூப்பிட மாட்டாய், நான் அதற்குத் தகுதியில்லாதவள் என்றுதான் எனக்குப் பட்டது. இத்தனை புத்தகம் படித்திருக்கிறேன், எந்த வரி சும்மா எழுதியது, எது உள்ளிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நாலாவது காரணம் யாருடையது? பதில் வந்த பிறகுதான் டீச்சருக்கு எழுதுவேன். சமாதானத்துக்காகப் பொய் சொல்லாதே, கண்டுபிடித்துவிடுவேன்.

பெரியவள்


ஏப்ரல் 22

அக்கா,

உங்களிடம் எதையும் மறைக்க முடியாது. நாலாவது வீட்டுப்பாடம் இல்லை.

முதலில் நான் எழுத நினைத்ததைச் சொல்கிறேன். பலமான காரணம் எதுவோ அதை எழுத வேண்டும் என்பது விதி. ஒருத்தியை ஒரு வேலைக்குப் போகாதே என்று சொல்ல உலகத்திலேயே பலமான காரணம், "அது உனக்கு வராது" என்பதுதான். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆதாரம் வேண்டுமே. பஸ்ஸில் தேடினேன், பாக்கெட் கட்டும்போது தேடினேன். ஒன்று தேடினால் வேறொன்று வந்து நின்றது.

வெல்டர் ஞாபகம் இருக்கிறாரா? மாதக்கணக்காக வாயைத் திறக்காமல், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாரே. டீச்சர் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார். ஒருநாள் நீங்கள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இந்தக் கதையில வர்றவங்கள்ல யாருக்கு உங்க சைக்கிளை ஒரு நாள் கொடுப்பீங்க?" என்று கேட்டீர்கள். "யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்றார். "அந்தச் சின்னப் பொண்ணுக்குக்கூடவா?" என்றீர்கள். யோசித்தார். "அவளுக்குக் கொடுக்கலாம். ஆனா அவ அண்ணன் புடுங்கிப்பான்" என்றார். "அது புத்தகத்துல இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றீர்கள். அதற்கப்புறம் அந்த மனிதர் வகுப்பு முடிந்தும் நிறுத்தவில்லை. அண்ணன் எந்தப் பக்கத்தில் எப்படி நின்றான், என்ன சொன்னான் என்று பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். டீச்சர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உங்களைக் கூப்பிட வேண்டும் என்று அவர் முடிவெடுத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இதை வைத்துக்கொண்டு உங்களுக்கு வராது என்று எப்படி எழுதுவது? பொய்யாகக்கூட எழுத வரவில்லை. அதனால்தான் நிரந்தர வேலை, ஷிப்ட், பரீட்சை என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி எழுதினேன். அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டைப் பற்றி இருக்கிறது, அத்தானைப் பற்றி இருக்கிறது. உங்கள் திறமையைக் குறைத்து ஒரு வார்த்தை இருக்கிறதா? எழுதியிருப்பதைப் படித்தால் போதாது, எழுதாமல் விட்டதையும் பார்க்க வேண்டும் என்று நமக்கு அவர் சொல்லிக் கொடுத்தாரே.

இனி நாலாவது. "பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்" என்று எழுதினேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் நான். வேறு யாரும் இல்லை. நீங்கள் எழுந்து எதிரே போய்விட்டால் நான் யாரோடு பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டு போவேன் என்றுதான் எழுத நினைத்தேன். அதை அப்படியே எழுத வெட்கம். உங்கள் ஆசைக்கு எதிராக வைக்க அது ஒரு காரணமே இல்லை, அது என் தேவை. அதனால் யாரோ நாலு பேர் சொல்வது போல மாற்றி எழுதினேன்.

இப்போது நேராகவே எழுதுகிறேன், வலது பக்கத்தில் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் அந்த வேலைக்கு வரக்கூடாது. நீங்கள் எதிரே போய் நின்றால் என் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும், அது எனக்குப் பிடிக்கவில்லை.

வேறு காரணம் என்னிடம் இல்லை. பதில் எழுதுங்கள்.

உங்கள் ஓரகத்தி


மே 5

நோட்டை எடுத்துப் பார்த்தேன். பரண்மேல் சூட்கேஸுக்கு அடியில் இருந்தது. நீ சொன்னது போல அதில் எங்கேயும் எனக்கு வராது என்று இல்லை. இத்தனை நாள் நான் அந்தப் பக்கத்தை நினைத்த போதெல்லாம் அந்த வரி அங்கே இருந்ததாகவே எனக்கு ஞாபகம். அதை எழுதியது நான்தான் போலிருக்கிறது, மனசுக்குள்ளேயே.

உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷம் முன்னாடியே கேட்டாங்களா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க வேணாம்பீங்கன்னு."

"நான் சொன்னேனா?"

"இல்ல."

"அப்ப யார் சொன்னது?"

மனிதர் அந்த வகுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தம்பியோடு டயர் விலை பேசுகிற பேச்சில் உன் வீட்டு ஆடு இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. கை கழுவிவிட்டு வந்து, "ரயில்ல ரெண்டு மணி நேரம்தான? வகுப்பு செவ்வாயும் புதனும்தான, போய்ட்டு வா. நடுராத்திரில அங்கயும் இங்கயும் அலைய வேணாம், செவ்வாய்க்கிழமை தம்பி வீட்ல தங்கிக்க" என்றார். உன் வீட்டில் இடம் இருக்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை.

டீச்சருக்கு இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். பெட்டியில் கட்டிய புத்தகங்களை மறுபடி அடுக்கச் சொல்லியிருக்கிறேன். கெட்டிப் புத்தகத்தையும் தூக்கி எறிய வேண்டாம், அதை வைத்தே ஒரு வாரம் நடத்தலாம். பதிலை மூடி வைத்துவிட்டு, இந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று எழுதச் சொல்லலாம்.

இனி உனக்குப் பதில். தாமதம்தான், பொறுத்துக்கொள்.

நிரந்தர வேலை என்றாய். அந்தச் சலவைக்கூடத்தையே போன வருடம் மூடிவிட்டார்களாம். மாலையில் வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்றாய். வீடு ஓடிப்போய்விடாது, உன் அத்தானுக்கும் இப்போது டீ போட வருகிறது, சர்க்கரை இல்லாமல். மகள் பரீட்சை என்றாய். அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். "போங்கம்மா, வீட்ல உங்க தொல்லை தாங்கல" என்கிறாள்.

நாலாவதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன். அது சரியான மறுப்புதான். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். எதிரே நின்று அதைப் பார்க்க எனக்கும் பிடிக்காது. ஆனாலும் வருகிறேன். பதில் இல்லாத மறுப்பு ஒன்று இருந்தாலும் ஒரு காரியத்தைச் செய்யலாம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

உனக்குப் புது ஜோடி ஒருத்தியைப் பார்த்து உட்கார வைக்கிறேன். அவள் முதலில் கதை நன்றாக இருந்தது என்றுதான் எழுதுவாள். போகப்போக ஒருநாள், வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதி உன்னிடம் நீட்டுவாள். நீ எப்போதும் போல எழுது. பலமாகவே எழுது, அவள்மேல் இரக்கப்பட்டுக் குறைத்துவிடாதே. ஆனால் நோட்டைக் கையில் திணித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடாதே. அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

உன் அக்கா